எபோலா பிள்ளைவாள் சொன்ன ‘ஒண்ணுமில்ல’

தாமிரபரணிக் கரையில் ஆப்பிரிக்கக் காய்ச்சலை நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்த ஒரே மனிதர் எங்கள் எபோலா பிள்ளைவாள்தான். அவருக்குச் சொந்தமாக ஒரு பெயர் இருந்திருக்கும். வண்ணார்பேட்டையில் யாரும் அதைக் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அங்கே ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைவாள் பக்கத்து டுட்டோரியலில் விலங்கியல் வாத்தியார். மாதிரி வினாத்தாள் அச்சடிக்க எங்களிடம் வருவார். வந்த வேலை சட்டென்று முடிந்துவிடும், பேச்சுதான் முடியாது. ஆப்பிரிக்காவில் எபோலா பரவுகிறது என்று பேப்பரில் வந்த நாளிலிருந்து மனிதர் ஆளே மாறிப்போனார். யாருக்கும் கை கொடுப்பதில்லை. தூர நின்று ஒரு கும்பிடு, அவ்வளவுதான். டீக்கடையில் மிச்சச் சில்லறையைக்கூட ஒரு தாளை நீட்டி அதில் போடச் சொல்வார். யாராவது தும்மிவிட்டால் விசாரணை ஆரம்பமாகிவிடும். எந்த ஊர், யார் வீட்டுக்குப் போனீர், பாபநாசத்தில் குரங்கைத் தொட்டீரா? எபோலாவே கேட்டால் பயந்து ஓடிவிடும்.

ஒருமுறை புன்னக்காயல் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். முன் சீட்டுக்காரர் ஜன்னல் வழியாகச் செக்கச்செவேலென்று துப்பினார். பிள்ளைவாள் துள்ளி எழுந்து பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, பிள்ளைகுட்டிகளோடு எல்லோரும் உடனே இறங்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். துப்பியவர் வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, என்ன விஷயம் என்று அவரிடமே அக்கறையாக விசாரித்தார். கடைசியில் கண்டக்டர் இறக்கிவிட்டது ஒரே ஒருத்தரைத்தான்.

எங்கள் அச்சகத்தில் அவரை அதிகம் சீண்டுகிறவன் கம்பாசிட்டர் சுடலைமுத்து. எழுத்துக் கோக்கிற கை நிற்காது, வாயும் நிற்காது. கண்ணுக்கே தெரியாத சாமான் இவ்வளவு பெரிய மனுஷனை எப்படிக் கொல்லும் என்று ஒருநாள் கேட்டான். பிள்ளைவாள் எழுத்துப் பெட்டியையும் மெஷினையும் ஒரு பார்வை பார்த்தார்.

“ஒருத்தன் இங்கன உள்ள வாரான்னு வையும். கையில ஒரே ஒரு தாள். மை கிடையாது, மெஷின் கிடையாது. ஒம்ம எழுத்து, ஒம்ம மை, ஒம்ம கரண்டு, எல்லாத்தையும் வச்சு அவன் தாளையே அடிச்சுத் தள்ளுதான். வாசல்ல நிக்க காவக்காரனைத்தான் மொதல்ல பிடிக்கான். பொறவு யாரு தடுக்க? ஒரு கல்யாணப் பத்திரிகை அடிக்க முடியாது. பிரஸ்ஸே பாழாப் போகும்.”

அதிலும் எபோலாவின் தாள் அச்செழுத்தைப் போல இடம் வலம் மாறியதாம். நம் உடம்பின் ஆளுக்கு அதைப் படிக்கத் தெரியாதாம். அதனால் திருப்பிப் படிக்கத் தெரிந்த ஒருத்தனையும் அது கூடவே கூட்டிக்கொண்டு வருமாம்.

சுடலை கோக்கிற கையை நிறுத்தினான். “நான் தெனமும் திருப்பித்தானே படிக்கேன். இங்க வந்தா அவன் ஆள் கூட்டிட்டு வர வேண்டாம் பிள்ளைவாள். நானே படிச்சுக் கொடுத்திருதேன்.”

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிள்ளைவாள் மட்டும் முகம் வாடி, அப்படியெல்லாம் சொல்லாதேயும் என்று கெஞ்சினார்.

மறு வருஷம் மழைக்குப் பின் சுடலைக்குக் காய்ச்சல். பிள்ளைவாள் அவன் வீட்டு வாசலில் நின்று ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டு வந்தார். இந்த மனுஷன் இருக்கிறவரை ஒருத்தனும் நிம்மதியாகக் காய்ச்சலில் படுக்க முடியாது என்றார் எங்கள் முதலாளி.

சில நாளில் காய்ச்சல் விட்டது. அன்றைக்கே சுடலை வேலைக்கு வந்து நின்றான். முதலாளி சந்தோஷத்தில் எல்லோருக்கும் டீ சொன்னார். பிள்ளைவாள் நுழைந்ததும் சுடலை ஆரம்பித்தான், எபோலா தன்னைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பிப் போய்விட்டதாக. குரலில் பழைய தெம்பு இல்லை. நெற்றியெல்லாம் வேர்வை.

பிள்ளைவாள் நேரே அவனிடம் போனார். யாருக்கும் கை கொடுக்காதவர் சுடலையின் கையைப் பிடித்தார். நாங்கள் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். கை சில்லென்று இருந்திருக்கிறது. முழங்கைப் பக்கம் சிவப்புச் சிவப்பாகப் பொட்டுகள். வயிறு வலிக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். லேசாக வலிக்கிறது என்றான். பல் ஈறில் ரத்தம் வந்ததா என்றார். பிரஷ் புதுசு, அதனால்தான் என்றான்.

“ஒண்ணுமில்லவே,” என்றார் பிள்ளைவாள். “பைய எந்திரியும். சும்மா ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வருவோம்.”

முள் குத்தினவனிடம்கூட ஒண்ணுமில்லை என்று சொல்லாத வாய் அது. முதலாளி செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஆட்டோவில் சுடலை கண்ணை மூடியிருந்தான். பிள்ளைவாள் அவன் கையை விடாமல் என் காதில் சொன்னார். இது டெங்குவாம். சூடு இறங்கும்போதுதான் ரத்தக் குழாய் கசியத் தொடங்குமாம். ஊரெல்லாம் பிழைத்தான் என்று நினைக்கிற நேரத்தில்தான் ஆளைத் தூக்குமாம்.

ஆஸ்பத்திரியில் உடனே டிரிப் ஏற்றினார்கள். சுடலையின் மனைவி பேச்சியம்மாள் கைக்குழந்தையோடு வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். பிள்ளைவாள் அவளிடமும், ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போனவர் வெகுநேரமாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கி அழுதுகொண்டிருந்தார்.

சுடலை பிழைத்தான். தேறி வந்த அன்றைக்கே பழைய வாயும் வந்துவிட்டது.

“தும்மினாலே ஊரைக் கூட்டுவீங்க. அன்னைக்கு மட்டும் எதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னீங்க?”

பிள்ளைவாள் பழையபடி தூரமாகத்தான் நின்றார். “மத்த நாள்லாம் நீங்க பயப்படணும்னு கத்துனேன். அன்னைக்கு நீரு பயந்துரக் கூடாதுல்லா. பயப்படுததுக்குத்தான் நான் ஒருத்தன் இருந்தேனேவே.”

சுடலை ஒரு தாளை விரித்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்து அவர் பக்கம் நகர்த்தினான்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனை முடிவு செல்போனுக்கே வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் ஒண்ணுமில்லை என்றார்கள், நானும் நம்பினேன். ஆனாலும், வாசலில் தூர நின்று கும்பிட்டு, பாபநாசத்தில் குரங்கைத் தொட்டீரா என்று கேட்க அவர் இல்லையே என்றுதான் இருந்தது.