பெட்ரோல் முள்ளும் பிள்ளையார் சத்தியமும்

என் மனைவி பாகீரதிக்கு ஐம்பத்தெட்டாம் வயதில் டிரைவிங் லைசென்ஸ் கிடைத்தது. அன்றே நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். உயிர் உள்ளவரை கார் சாவியை அவள் கையில் கொடுப்பதில்லை.

கொஞ்சம் அதிகம்தான். ஆனால் என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். கரமனை அக்ரஹாரத்தில் ராமசுப்ரமணியன் வீடு எது என்று கேட்டால் முழிப்பார்கள். மஞ்சக் கார் மாமா என்றால் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். அப்பா வாங்கிய அறுபத்தேழாம் வருஷத்து வண்டி. ரிட்டயர் ஆன பிறகு எனக்கென்று மிஞ்சியிருக்கும் ஒரே நாற்காலி அதன் டிரைவர் சீட்தான். அதில் ஒரு சௌகரியமும் உண்டு. சனிக்கிழமைகளில் சாலைக் கடைத்தெருவில் பாகீரதி பூசணிக்காயும் சேனையுமாகச் சுமந்து வருவாள். நான் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். டிரைவர் வண்டியை விட்டு இறங்கப்படாது, போலீஸ் பிடிப்பான் என்று முப்பது வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாவி கொடுக்காமலிருக்க ஒரு காரணம் வேண்டுமே. பெட்ரோல் முள் கைகொடுத்தது. டேங்க் நிரம்பியிருந்தால் அது பாதி என்று காட்டும். பாதி இருந்தால் அன்றைக்கு அதற்கு என்ன தோன்றுகிறதோ அதைக் காட்டும். கிலோமீட்டர் காட்டுகிற மீட்டரும் செத்துப் பத்து வருஷம். நான் போகிற இடத்துக்கெல்லாம் தூரம் மனப்பாடம் என்பதால் மனக்கணக்கிலேயே ஓட்டுகிறேன். உனக்கு இது சரிப்படாது, நடுரோட்டில் நின்றுபோவாய் என்று அவளிடம் ரொம்ப அக்கறையாக எடுத்துச் சொன்னேன்.

“அப்போ முள்ளைச் சரிபண்ணினா சாவி தருவேளா?”

“பின்னே? பேஷா.”

“சத்தியமா?”

“பழவங்காடிப் பிள்ளையார் சத்தியமா. முள்ளு சரியாக் காட்டற அன்னிக்கு சாவி உன் கையில.”

அன்று மத்தியானமே வேதமாணிக்கத்தைக் கூட்டி வந்துவிட்டாள். கரமனைப் பாலத்துப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மார்த்தாண்டத்துக்காரர். டேங்குக்குள்ளிருந்த மிதவையைக் கழற்றிக் காதோரம் ஆட்டினார். தளக் தளக் என்றது. மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டது, அது முங்கிப்போனால் முள் பாவம் என்ன செய்யும் என்றார். புது மிதவை போட்டார். முள் ஒழுங்குப் பிள்ளையாக நின்றது.

முதல் நாள் காட்டுவதை நம்பக் கூடாது, காலையில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்துத்தான் முடிவு என்றேன். அவள் சரியென்று சிவன் கோவிலுக்குப் போனாள். நான் டிக்கியைத் திறந்து, மிதவையிலிருந்து வருகிற ஒயரை மெள்ளக் கழற்றிவிட்டேன். முள் பொத்தென்று விழுந்து, காலி என்ற கோட்டில் படுத்துக்கொண்டது. மறுநாள் ஐந்து லிட்டர் ஊற்றியும் எழுந்திருக்கவில்லை. “பாத்தியா” என்றேன், மிகுந்த வருத்தத்தோடு.

வேதமாணிக்கம் நாலு தரம் வந்தார். நாலு தரம் மாட்டினார். அவள் கோவிலுக்குப் போன நாலு தரமும் நான் கழற்றினேன். கடைசித் தரம் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சாரே, ஒயருக்குக் காலு கெடையாது. தானா இறங்கிப் போவாது.”

எலியாக இருக்கும் என்றேன். அவர் உள்ளே போய் பாகீரதியிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டு வெகுநேரம் கழித்து வந்தார். ஒரு காப்பிக்கு அத்தனை நேரமா என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு மாசம் அவள் சாவியைப் பற்றி மூச்சு விடவில்லை. நான் ஜெயித்துவிட்டேன். சின்னதாக இரண்டு குறைகள் மட்டும். வீட்டில் பப்படம் நின்றுபோயிற்று. பப்படத்தை எண்ணெயிலிருந்து குத்தி எடுக்கிற நீளக் கம்பியைக் காணோம், கையை விட்டா எடுக்கிறது என்று கேட்டாள். இன்னொன்று, பம்பில் டேங்கை நிரப்பினால் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகப் பிடித்தது. வெயில் காலமாக்கும், ஆவியாகிறது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

போன சனிக்கிழமை, முதலில் பிள்ளையார், அப்புறம் சாலைக் கடைத்தெரு என்று கிளம்பினோம். கிழக்கேகோட்டை தாண்டியதும் வண்டி இரண்டு தரம் இருமியது. சரியாகப் பழவங்காடிக் கோவிலுக்கு எதிரே நின்றுவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. என் கணக்குப்படி டேங்கில் ஏழு லிட்டர் இருக்க வேண்டும்.

பாகீரதி நிதானமாக இறங்கி டிக்கியைத் திறந்தாள். கையில் எங்கள் வீட்டுப் பப்படக்கம்பி. அதை டேங்க் வாயில் நேராக இறக்கி எடுத்தாள். கம்பி முழுக்க நகப்பாலிஷ் கோடுகள். ஒரு கோடுகூட நனையவில்லை.

“என்னடி இது?”

“முள்ளு ஓடலைன்னா ஓட்டறவா பெட்ரோலை எப்படிப் பாக்கறது? வேதமாணிக்கந்தான் எங்கெங்க கோடு போடணும்னு சொல்லித் தந்தார்.”

“யாரு ஓட்டறா?”

“நான்தான். நீங்க மத்தியானம் தூங்கறச்சே சங்குமுகம் போய், கடலைப் பாத்துண்டு ஒரு காப்பி குடிச்சுட்டு நாலு மணிக்குள்ள வந்துடுவேன். சாவி உங்க சட்டைப் பையிலதானே கிடக்கு.”

தெருவுக்கே தெரியுமாம். தினம் டாட்டா காட்டுகிறார்களாம். எனக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. அவளுக்கும் திருட்டுத்தனமாக ஓட்டுவது பிடிக்கவில்லையாம். அதனால் காலையில் கம்பியை விட்டுப் பார்த்து, வண்டி பழவங்காடி வரைக்கும்தான் வரும் என்று தெரிந்தே ஏறி உட்கார்ந்தாளாம்.

“தெரிஞ்சும் ஏன் சொல்லலை?”

அவள் டாஷ்போர்டைக் காட்டினாள்.

“முள்ளு என்ன காட்டறது?”

“காலி.”

“டேங்குல என்ன இருக்கு?”

கம்பியைப் பார்த்தேன். “காலி.”

“அப்போ சரியாத்தானே காட்டறது?”

கையை நீட்டினாள். எதிரே யாரோ தேங்காய் உடைத்தார்கள். சத்தியம் செய்து கொடுத்த பிள்ளையார் நேர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். நான் சாவியைக் கொடுத்தேன்.

டிக்கியில் சாக்குக்கு அடியிலிருந்து ஒரு கன்னாஸ் கேன் நிறையப் பெட்ரோல் வந்தது. ஊற்றினாள். எனக்கு மூன்று தரம் முக்கினால்தான் கிளம்புகிற வண்டி, அவளுக்கு முதல் தரத்திலேயே கிளம்பியது. நன்றாகத்தான் ஓட்டினாள், அதையும் சொல்லிவிடுகிறேன். சாலைக் கடைத்தெருவில் ஓரமாக நிறுத்தி, இரண்டு பைகளை எடுத்து என் மடியில் வைத்தாள். பூசணி, சேனை, அப்படியே புதுசாக ஒரு பப்படக்கம்பி என்றாள்.

“நீ வரலையா?”

“டிரைவர் வண்டியை விட்டு இறங்கப்படாது. போலீஸ் பிடிப்பான்.”