வலது பக்கத்துச் சம்பந்தி

ஊரார் காதுக்கெல்லாம் வழி சொல்வது என் பிழைப்பு. பெற்ற அப்பாவின் காதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பல பேர் ஒரே நேரத்தில் பேசினால், ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு திசையிலிருந்து கேட்கவைக்கும் மென்பொருளை எழுதுகிறேன். குரல்கள் பிரிந்து வந்தால் காது வேண்டியதைப் பிடித்துக்கொள்ளும். (இதைச் சொல்லியே வீட்டில் எல்லோரையும் விரட்டியிருக்கிறேன்.)

அக்கா விரும்பியவரைக் கட்டிவைக்க இரண்டு வீடும் ஒருவழியாக இறங்கிவந்த சமயம். மாப்பிள்ளையின் அப்பா பள்ளிபாளையத்தில் கால் முறிந்து படுத்திருந்தார். தாய்மாமா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஒடிசாவில். அதனால் போனிலேயே பேசுவதாக ஏற்பாடு. அப்பாவுக்கு என் ஹெட்போனை மாட்டினேன். மாமாவை இடது பக்கம் வைத்தேன். சம்பந்தியாகப் போகிறவரை, மரியாதைக்காக, வலது பக்கம்.

அப்பா ஒடிசா மழையைப் பற்றி மாமாவோடு உற்சாகமாகப் பேசினார். அவர் பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது. நான் பூரித்துப்போய் நின்றேன்.

"மச்சான் பக்கத்துல உக்காந்து பேசுனாப்புல இருந்துச்சு சாமி," என்றார் ஹெட்போனைக் கழற்றி. "அந்தப் பெரியவருதான் வாயே தொறக்கல. இஷ்டமில்லையாட்ட இருக்குது."

அதற்குள் மாப்பிள்ளை அக்காவைப் போனில் கூப்பிட்டுவிட்டார். "எங்கப்பா மூணு தடவ சம்மதமான்னு கேட்டாரு. உங்கப்பா மழையப் பத்தியே பேசுறாரு!"

எங்கள் பக்கம் யாரும் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். கேட்டதை விட்டுவிட்டு மழையைப் பேசினால் முடியாது என்று அர்த்தம். அக்கா அழ ஆரம்பித்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "முப்பது வருசம் லாரி ஓட்டுனவருக்கு சன்னல் பக்கத்துக் காது எப்பவோ போச்சு. நான் எந்நேரமும் அவருக்கு இடது பக்கமாவே நடக்குறது எதுக்குன்னு நெனச்ச?"

நான் எதுவுமே நினைத்ததில்லை. அதுதான் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் நானும் அப்பாவும் பள்ளிபாளையம் பஸ் ஏறினோம். கட்டிலருகே போட்டிருந்த நாற்காலியை அப்பா தூக்கி, தன் இடது காது பெரியவர் பக்கம் வரும்படி மறுபுறம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்பக் கேளுங்க."

"புள்ளையக் குடுக்க..."

"சம்மதமுங்க," என்றார் அப்பா, கேள்வி முடிவதற்குள்.

அக்காவுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. நான் என் வேலையைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், "அத அப்பாவோட வலது காதுல சொல்லு" என்பாள். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். நான் அவருக்கு இடது பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன்.