ஒரு மெழுகுவர்த்திக்குக் காவல்

பதினான்கு வருடமாக நாலு மாடிக் கிடங்கு ஒன்றை நெருப்பிலிருந்து காத்து வருகிறவன் நான். அந்தக் கிடங்கு ஒருநாளும் தீப்பிடிக்க முயன்றதில்லை என்பது வேறு விஷயம். அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றியே தீருவது என்று சபதம் எடுத்தேன். காலை ஏழரை மணிக்கு.

காலையில் எதற்கு என்பீர்கள். இரவுக் காவலனுக்கு ராத்திரி என்பது வேலை செய்யும் இடம். ஊருக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் ராத்திரி எனக்கு மட்டும் கிடையாது. திரையை இழுத்துவிட்டு, சின்ன வெளிச்சத்தில் நாலு பக்கம் படித்துவிட்டுத் தூங்கினால் என் பங்கு ராத்திரி வந்துசேர்ந்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். கற்றதெல்லாம் இப்படிக் கற்றதுதான்.

என் மனைவி தையல்காரி. வீடு முழுக்க ஊரார் துணி.

"என்னங்க, அந்தப் பக்கம் பதினெட்டு சீருடை வெட்டி வச்சிருக்கேன். இந்தப் பக்கம் ஒரு கல்யாணப் பொண்ணோட உடுப்பு. நடுவுல நெருப்பு வைக்கப் போறீங்களா?"

"நெருப்பு இல்லைடி, வெளிச்சம்."

"துணிக்கு அந்த வித்தியாசம் தெரியாதே."

"நாலு மாடியைக் காக்கிறவனுக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் காக்கத் தெரியாதா?"

யோசித்தாள். அவள் யோசித்தால் எனக்கு வேலை கூடும்.

"சரி, ஏத்துங்க. ஆனா கிடங்குல மாதிரியே கால் மணிக்கு ஒருதரம் பார்த்து நோட்டுல எழுதணும். சுடர் எப்படி, உயரம் எவ்வளவு, திரை பத்திரமா. தூக்கம் வந்தா முதல்ல அதை அணைக்கணும், அப்புறம்தான் கண்ணை மூடணும்."

கழுத்திலிருந்த டேப்பை இழுத்து அளந்தாள். ஆறு அங்குலம். திரியைக் கத்தரியால் ஒட்ட நறுக்கி, அகலத் தட்டில் நிறுத்தி, மேசை நடுவில் வைத்துவிட்டுப் போனாள். முன்னறையில் மெஷின் ஓடத் தொடங்கியது.

மேசை நடுவில் இருந்தால் எழுத்து தெரியவில்லை. தட்டை ஜன்னல் விளிம்புக்கு நகர்த்தினேன். இரண்டாம் பக்கத்திலேயே கண் சொக்கியது.

இங்கே ஒரு தொழில் ரகசியம். காவல் நோட்டை நடந்து எழுதுகிறவன் புதுசு. பழகியவன் நாற்காலியில் உட்கார்ந்து விடியும்வரைக்கானதை முன்கூட்டியே மொத்தமாக எழுதிவிடுவான். கை தன்னால் எழுதியது: பன்னிரண்டு மணி வரைக்கும். உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். பத்து மணிக்கு, 'லேசான காற்று, சுடர் ஆடியது, கவனித்தேன்' என்று ஒரு கலைநயம் வேறு.

விழித்தபோது வெயில் நேராக முகத்தில் அடித்தது. ஜன்னலில் திரையே இல்லை. கட்டிலருகே அவள், கையில் நோட்டு.

"ஒன்பது மணி. திரை பத்திரம்."

"பத்திரம்தான்."

"ஒன்பது மணிக்கு அது கொடியில காயுதுங்க. எட்டரைக்குக் கருகின வாசனை. ஓடி வந்து பார்த்தா உள்ளங்கை அகலத்துக்குப் பொசுங்கியிருக்கு. தண்ணி ஊத்தி அணைச்சேன். நீங்க குறட்டை."

நோட்டில் பக்கத்தைப் புரட்டினாள்.

"பன்னிரண்டு மணி. உயரம் ரெண்டு அங்குலம்." டேப் சரசரவென்று இறங்கியது. "அஞ்சேகால். வளர்ந்திருக்கு போல."

"அது வந்து..."

"இப்ப மணி பதினொன்னுதான் ஆகுது."

சிரிக்கப் பார்த்தேன். அப்போதுதான் அவள் ஊசி பிடிக்கும் விரல் கண்ணில் பட்டது. நுனியில் கொப்புளம்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். விரலில் துணி சுற்றிக்கொண்டு மெஷினுக்குப் போனாள். அரை மணியில், இரட்டைக் கறுப்புத் துணியில் புதுத் திரையோடு வந்து மாட்டினாள். அறை கும்மிருட்டு.

"உங்களுக்கு வேண்டியது ராத்திரிதானே? தச்சிட்டேன். தூங்குங்க."

ராத்திரியைத் தைத்துத் தரும் பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும்? பதினான்கு வருடத்தில் அப்படி ஒரு தூக்கம் தூங்கியதில்லை.

மெழுகுவர்த்தியையும் அவள் ஒழித்துவிடவில்லை. தினமும் நான் வேலைக்குக் கிளம்புமுன், மெஷினை மூடி, துணியை அலமாரியில் பூட்டி, மணல் நிரப்பிய கிண்ணத்தில் ஏற்றுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்து என் புத்தகத்தை அவளே உரக்கப் படிக்கிறாள். அழகாகத்தான் படிக்கிறாள். எட்டிப் பார்க்கத்தான் வழியில்லை: எளிதில் தீப்பிடிப்பவை, ஆறடி தள்ளி இருக்க வேண்டியவை என்று அவள் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலில் துணி, திரை, சாக்கு ஆகியவற்றுக்கு அடுத்து இருப்பது நான்.