கடல்காத்த மலைச்சாமி பீடத்தை இடிக்கக் கோருவது

ராஜபாளையம்,
12.2.1991

மதிப்பிற்குரிய அண்ணன் உக்கிரபாண்டி அவர்களின் சமூகத்துக்கு,

தம்பி மலைச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வேலுத்தாயும் மகள் நாச்சியாரும் உயிருடன் இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதாமல் உயிருடன் என்று எழுதியிருப்பது, அந்தச் செய்தி தங்களுக்கு அடிக்கடி மறந்துபோவதால். அங்கே தாங்களும் மதினியும், தாங்கள் பூசாரியாக இருந்து நடத்திவரும் என்னுடைய கோயிலும் செழிப்பாக இருப்பதாக வருகிறவர் போகிறவர் எல்லாரும் சொல்லித் தொலைக்கிறார்கள்.

நான் சரித்திர வாத்தியார். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சிப்பிமுனையில் அந்தப் புயல் வந்த அன்று காலையில், எனக்கென்று எடுத்த புதுச்சட்டையைத் தாங்கள் மாட்டிக்கொண்டு சுங்கக் கிட்டங்கிப் பக்கம் உலாத்தினீர்கள். இழுத்துப் பிடுங்கினேன். பித்தான்கள் தெறித்துவிட்டன. அந்த ஆத்திரத்தில் சட்டையைக் கடற்கரையில் வீசிவிட்டு, வெற்றுடம்போடு உப்பு லாரியில் ஏறி, ராஜபாளையத்தில் பெரியம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சாயங்காலம் புயல் அடித்தது. வெளிச்சவீட்டு விளக்கு அணைந்தது, கிட்டங்கிக் கூரை பறந்தது, என் சட்டை மட்டும் உடைமர முள்ளில் மாட்டிக் கிடந்தது. அதைப் பார்த்து நான் கடலோடு போய்விட்டேன் என்று ஊரே முடிவுகட்டியது. தண்ணீரில் போனவன் துடியான சாமியாவான் என்று அந்தச் சட்டையை உள்ளே வைத்துப் பீடம் பூசி, தங்கள் மேலேயே என்னை இறக்கிக் குறியும் சொல்லிவிட்டீர்கள். பீடத்துக்கு முதல் கொடைத் திருவிழா முடிந்த மறுவாரம் நான் நேரிலேயே வந்து நின்றேன். ஊர்ப் பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஏலே, நீ பொழச்சு வந்தது ரொம்பச் சந்தோசம். ஆனா சாமி எறங்கிப் பேசிருச்சில்லா. போறப்ப ஊருக்குள்ள போவாம ஓடைப் பக்கமா போயிரு, பொம்பளையாளுக பயந்துருவாக."

அதையும் பொறுத்தேன். இப்போது தாங்கள் அச்சடித்து விற்கும் தலவரலாற்றில், நான் ஊர் வள்ளங்களை எல்லாம் தோளில் தூக்கிக் கரைசேர்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது. அலை காலில் பட்டால் அலறுவேன். வள்ளங்கள் தப்பியதற்குக் காரணம், முந்தின நாள் மாதா கோயில் திருவிழா. கடலுக்குப் போக வேண்டியவர்கள் விருந்து தின்றுவிட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார்கள். சரித்திரம் அம்புட்டுத்தான். அதுவும் போகட்டும். எங்கள் பள்ளிக்கூடத் தமிழாசிரியர் அங்கே வந்து வேண்டிக்கொண்டு மணி கட்டிவிட்டுப் போனார். எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவி அவருக்குப் போய்விட்டது. நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன். சேத்தூர்க்காரர் ஒருத்தருக்குக் காணாமப்போன காளையைக் காட்டிக் குடுத்தேனாம். என் சைக்கிள் களவு போயி ரெண்டு வருசம் ஆகுது, அது எங்க இருக்குன்னு எனக்கே தெரியல.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பொறுக்கவே முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாச்சியாரைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்குப் பிடித்தது, நாச்சியாருக்கு அதைவிடப் பிடித்தது, தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி. பையனோட அம்மா அழகுத்தாய் அம்மாள் சும்மா இருக்காம, "ஒங்களுக்குப் பூர்வீகம் எது?"ன்னு கேட்டாங்க. சிப்பிமுனைன்னு சொன்னேன். ஒடனே எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்க மலைச்சாமி ஊரா, அவருகிட்ட மண்சோறு தின்னுல்லா இவனப் பெத்தேன்"ன்னாங்க. பேச வேண்டிய எடத்துல ஒருநாளும் பேசாத வேலுத்தாய், காப்பித் தம்ளரோட வந்து, "அந்தச் சாமியே இவுகதான்"னுட்டா. அந்தம்மா என்னையத் தலையில இருந்து கால் வரைக்கும் பாத்தாங்க. "செத்தாத்தான சாமி? இவுக சாகலன்னா நான் மொட்ட போட்டது யாருக்கு? ஒண்ணு சாமி பொய்யி, இல்ல இவுக பொய்யி. சாமி பொய்யாகாது" அப்படின்னு தட்டத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்க. அன்னையிலருந்து நாச்சியா சரியாச் சாப்பிடல. "ஒங்களுக்கு எதுக்குப்பா வீம்பு, அது வேற மலைச்சாமின்னு சொன்னா கொறைஞ்சா போயிருவீக?"ன்னு கேக்கா. பெத்த மகளே என்னையச் செத்துருங்கங்கா.

ஆகவே, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் பீடத்தை இடித்துவிட்டு, தம்பி சாகவில்லை என்று தங்கள் வாயால் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து சொல்ல வேண்டும். என் சட்டை எனக்கு வந்தாக வேண்டும். தவறினால் கொடையன்று நானே வந்து பீடத்தின் மேல் ஏறி உட்காருவேன்.

மதினிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் நீடூழி வாழட்டும். தாங்களும் இருங்கள்.

இப்படிக்கு,
சாகாத தம்பி,
மலைச்சாமி

பின்குறிப்பு: பீடத்தில் கை வைக்க வேண்டாம். உறையை ஒட்டும் நேரத்தில் அழகுத்தாய் அம்மாள் வந்துவிட்டார்கள். நேற்று அங்கே வந்து பூப்போட்டுக் கேட்டார்களாமே. சம்மதம் என்று வெள்ளைப் பூ விழுந்ததாம். நான் தங்கள் மேல் இறங்கி, "சம்பந்தம் நல்ல சம்பந்தம், விட்ராத. பொண்ணோட அப்பன் ஒரு மாதிரி, அவன் பேச்சப் பெருசா எடுக்காத"ன்னு சொன்னேனாம். நாச்சியார் வயிறாரச் சாப்பிட்டாள். வைகாசியில் கல்யாணம். முதல் பத்திரிகையை அங்கே வைத்துக் கும்பிட வெள்ளிக்கிழமை எல்லாரும் வருகிறோம். நானும் விழுந்து கும்பிட வேண்டுமாம், சரி என்றுவிட்டேன். எனக்குத் திருநீறு பூசும்போது மட்டும் தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள் அண்ணே, அந்தம்மா பக்கத்திலேயே நிற்பார்கள்.