அழாத இறால்

திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு பாஸ்கல் கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றான். உள்ளே மணலில் இறால் ஒருக்களித்துப் படுத்திருந்தது. விரலால் கண்ணாடியைத் தட்டினான். அசையவில்லை. நாற்காலியில் ஏறி, நீளமான ஸ்கேலை உள்ளே விட்டு மெல்லக் குத்தினான். அது உருண்டு அந்தப் பக்கமாக ஒருக்களித்துக்கொண்டது.

"செத்துப்பூட்ச்சு" என்றான்.

"முதலாளி ஊருக்குப் போயி முழுசா ரெண்டு நாள் ஆவல. சாதனைதாண்ணே" என்றாள் மகிழினி, கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலேயே.

துறைமுகச் சரக்குகளுக்குக் காகிதம் போட்டுக் கொடுக்கும் சின்ன ஆபீஸ் அது. ராயபுரத்தில் மாடியில் இருந்தது. வேலைக்கு பாஸ்கல், மகிழினி என்று இரண்டே பேர். முதலாளி சாலமனுக்கு ரத்தக்கொதிப்பு. மீன் வளர்த்தால் மனசு அமைதியாகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் இரண்டு தங்கமீன் வாங்கி விட்டிருப்பார்கள். சாலமன் எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை. உப்புத் தண்ணீர், பவளப்பாறைக் கல், நீல விளக்கு, அலையடிக்க ஒரு மோட்டார் என்று நாலடித் தொட்டியை ஆபீஸ் நடுவில் இறக்கிவிட்டார். இறக்கிய ஏழாம் நாள், ஒரு கப்பல் தகராறுக்காக மூன்று வாரம் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது.

கிளம்பும்போது சொன்னார். "பாஸ்கல், டேங்க்ல எறா ஒண்ணு போட்டுக்கீறேன். இந்த டேங்க்கோட உசுரே அதுலதான் கீது. எவனும் கை வெக்கக் கூடாது. நீ ராயபுரத்துக்காரன், ஒனக்குச் சொல்லணுமா?"

பாஸ்கல் ராயபுரத்துக்காரன்தான். ஆனால் அப்பாவும் தாத்தாவும் ரயில்வே. கடலுக்கும் அவனுக்கும் இருந்த உறவு சோற்றுத் தட்டோடு சரி.

"அப்புறம், எண்ணூர் கன்டெய்னர் யார்டுக்கு ஒங்கள்ல ஒருத்தரை அனுப்பணும். யாருன்னு வந்து சொல்றேன்" என்று சாலமன் தொட்டியை ஒரு முறையும் பாஸ்கலை ஒரு முறையும் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தப் பார்வைதான் பாஸ்கலைத் தூங்கவிடவில்லை. உலகத்தில் அவன் அனுபவித்த ஒரே சுகம், மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு நடந்துபோய், மனைவி ஜானட் அப்போதுதான் இறக்கிய குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கண்ணை மூடுவது. எண்ணூர் என்றால் மூன்று பஸ், லாரிப் புழுதி, ஆறிப்போன டிபன் பாக்ஸ்.

இறாலை எடுத்து வாசல் பூனைக்குப் போட்டான். பூனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. தடயம் இருக்கக் கூடாது என்று, முதலாளி கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரால் தொட்டியைப் பாதி மாற்றினான். அப்படியே வளர்ப்பு மீன் கடைகள் இருக்கும் கொளத்தூருக்கு வண்டியை விட்டான்.

கடைக்காரர் பஷீர் பாய், சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு போட்ட இறாலைக் காட்டி, "டேங்க்ல வுடற எறான்னா இதான்" என்றார். முதலாளியின் இறால் வெளுத்துப்போயிருந்ததே என்று பாஸ்கல் ஒரு நிமிஷம் குழம்பினான். செத்தால் நிறம் போய்விடும் போலிருக்கிறது என்று தேற்றிக்கொண்டான்.

"டேங்க் போட்டு எத்தினி நாள் ஆவுது நைனா?"

"ஒம்போது நாள் பாய்."

"ஒம்போது நாள்ல எறா வுட்டா நிக்காதே! கண்ணுக்குத் தெரியாத பூச்சி உள்ள பொறக்கணும், அது அழுக்கைத் தின்னணும். ஒன்றரை மாசம் ஆவும்."

"எங்க முதலாளி வுட்டுக்கீறாரே?"

பஷீர் தாடியைச் சொறிந்தார். "அதெப்பிடி நின்னுச்சு?"

"நிக்கல. அதான் வந்துக்கீறேன்."

புதிய இறால் தொட்டிக்குள் இறங்கி, மீசையை ஆட்டிக்கொண்டு கல்மேல் நடந்தது. பாஸ்கலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புதன்கிழமை சாலமன் போன் செய்தார். பின்னால் கிரேன் சத்தம் காதைக் கிழித்தது.

"எறா எப்பிடிக் கீது?"

"சூப்பரா கீது சார்."

"அழுவுதா?"

பாஸ்கல் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்தான். "சார்?"

"எறாய்யா, எறா! அழுவுதா இல்லியா?"

"இல்ல சார். சந்தோசமா கீது."

"இன்னாய்யா சொல்ற? நாலு நாள் ஆச்சே, அழுவணுமே! நல்லாப் பாரு. அது அழுவுனாத்தான் டேங்க் உருப்படும்." லைன் அறுந்தது.

பாஸ்கல் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"மகிழினி, தண்ணிக்குள்ள கீற ஜீவன் அழுதா எப்பிடித் தெரியும்?"

"எதுக்குண்ணே அது அழணும்?"

"முதலாளி கேக்கறாரு."

மகிழினி யோசித்தாள். "அவரப் பிரிஞ்ச ஏக்கத்துல அழுவும்னு நெனச்சிக்கினு கீறாரு போல. பாவம், பெத்த புள்ளைங்களே அழுவல."

முதலாளி ஆசைப்பட்டால் செய்துதானே ஆக வேண்டும்? பாஸ்கல் செல்போனைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, சாலமன் எப்போதோ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டான். "பாஸ்கல், மூளைன்னு ஒண்ணு கீதா ஒனக்கு? அந்த பில்லு எங்க?" என்று சாலமனின் குரல் கர்ஜித்தது. இறால் ஒரே தாவலில் கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

"அழுவலண்ணே" என்றாள் மகிழினி. "நம்மள மாதிரியே ஒளியுது."

மறுநாள் காலை அதுவும் ஒருக்களித்துப் படுத்திருந்தது. மறுபடி தண்ணீரை மாற்றினான். கல்லில் பிடித்திருந்த பழுப்புப் பாசியையும் டூத் பிரஷ் வைத்துத் தேய்த்தான். மறுபடி கொளத்தூர்.

"பாய், ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. எறா அழுவுமா?"

பஷீர் வலையைத் தண்ணீரில் விட்டபடியே, "அழுவாம? ரெண்டாம் நாளே ஆரம்பிச்சிடும்" என்றார்.

"நெசமாவா! எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"மூக்கு சொல்லும் நைனா."

அழுதால் மூக்கு ஒழுகும், அது நியாயம்தான். ஆனால் இறாலுக்கு மூக்கு எங்கே இருக்கிறது? ஆபீஸில் முத்திரை பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு, மூன்றாவது இறாலின் முகத்தை நாள் முழுக்க ஆராய்ந்தான். ஏகப்பட்ட கால் இருந்தது, இரண்டு கண் இருந்தது. மூக்கு மட்டும் அகப்படவில்லை.

மதியம் ஜானட் இறால் தொக்கு செய்திருந்தாள். பாஸ்கல் தட்டை வெறித்தான்.

"ஜானட், இதுங்க அழுதுதா?"

"வாணல்ல போட்டப்ப சத்தம் வந்துச்சு. இன்னா ஆச்சு ஒனக்கு?"

அவன் வெறும் ரசத்தோடு எழுந்துவிட்டான். இருக்கிற ஒரே சுகமும் எண்ணூர் போகாமலேயே போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டே ஆபீஸுக்கு நடந்தான்.

அடுத்த வாரம் சாலமனிடமிருந்து மறுபடி போன்.

"தண்ணியாவது கலங்குச்சா?"

"பளிங்கு சார்! குடிக்கலாம்!"

"கொஞ்சங்கூடக் கலங்கலியா?" சாலமனின் குரல் உடைந்தது. "ஒன்ன நம்பித்தானே வுட்டுட்டு வந்தேன்."

சுத்தமாக வைத்திருந்தால் திட்டுகிறார், சந்தோஷமாக வைத்திருந்தால் வருத்தப்படுகிறார். இவருக்கு என்னதான் வேண்டும்? அன்றைக்கு அந்த ஆபீஸில் கண்கலங்கிய ஒரே ஜீவன் பாஸ்கல்தான்.

மூன்றாவதும் போய்ச் சேர்ந்தது. சாலமன் வருகிற நாள் காலையில், கடை திறக்கும்போதே போய் நின்று நாலாவதை வாங்கினான். பஷீர் பாய் அவன் முகத்தைப் பார்த்ததுமே கட்டிக் கொடுத்தார். தண்ணீரை இன்னொரு முறை மாற்றி, கண்ணாடியைத் துடைத்து, நீல விளக்கைப் போட்டுவிட்டு, பாஸ்கல் தொட்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றான்.

சாலமன் உள்ளே வந்தார். பையைக் கீழே வைக்காமல் முதலில் காற்றை முகர்ந்து பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். சிவப்பும் வெள்ளையுமாக இறால் கல்மேல் ஒய்யாரமாக நடந்துகொண்டிருந்தது. அவர் வாய் மெல்லத் திறந்தது.

"இது இன்னா?"

"எறா சார்."

"நான் போட்ட எறா எங்க?"

"இதான் சார் அது."

"இதுவா? பாஸ்கல்... இது நடக்குதே!"

"ஒடம்பு தேறிட்ச்சு சார்" என்றான் பாஸ்கல் பணிவாக.

சாலமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "நெசமாச் சொல்லு. இது அதே எறாவா?"

பாஸ்கலின் கண்முன்னே ஒரு பக்கம் எண்ணூர்ப் புழுதியும் இன்னொரு பக்கம் ஜானட்டின் குழம்புச் சட்டியும் தெரிந்தன. நெஞ்சில் கையை வைத்தான்.

"அந்தோணியார் மேல சத்தியமா அதே எறாதான் சார். ராவும் பகலும் கண்ணுல வெச்சி வளத்தேன். ஒரு நிமிசங்கூட அது அழுவல."

சாலமன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். மகிழினி டைப் அடிப்பதை நிறுத்தினாள். முதலாளி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, அவருக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் கூடைக்காரி சிலுவையம்மாள் மாடி ஏறி வந்திருந்தாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு, இவர்கள் இருவரையும் தாண்டித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அதே எறாவா? டேங்க்ல போட்டு அழுவி நாற வுடணும், செத்ததா ஒண்ணு குடு சிலுவைன்னு கேட்டு, ஐயா என் கூடையிலேர்ந்துதானே எடுத்துக்கினு போனாரு!"