மொட்டைத் தலை பற்றி மாமாவுக்கு ஒரு விளக்கம்

குமாசி,
வியாழக்கிழமை

நம் குடும்பத்தின் தலைவரும் என் தாய்மாமாவுமாகிய, பெருமதிப்பிற்குரிய என்சியா அவர்களுக்கு,

மருமகன் க்வாபெனா அம்போஃபோ பணிவோடு எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி அப்ராஃபியும் சுகம். அங்கே நீங்கள் உயிரோடும் நல்ல பசியோடும் இருப்பதை வேன் டிரைவர் டோன்கோர் நேரில் பார்த்து வந்து சொன்னான். கடிதத்தில் எல்லாரும் சம்பிரதாயத்துக்குச் சந்தோஷப்படுவார்கள். நான் மெய்யாகவே சந்தோஷப்பட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேன் நிறைய ஜனங்கள் கறுப்பும் சிவப்பும் உடுத்தி உங்கள் வாசலில் வந்திறங்கி, உங்கள் சாவுக்கு உங்களிடமே அழுததற்கு நான்தான் காரணம் என்று நீங்கள் கோபப்படுவதில் தப்பில்லை. காரணம் நான்தான், ஆனால் அப்படி ஒரு நினைப்பே எனக்கு இருந்ததில்லை. மாமன் சொத்து மருமகனுக்கு என்பது நம் வழக்கம். மாமன் இருக்கும்போதே மருமகன் மொட்டை அடித்துக்கொண்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். "நான் இன்னும் சூப்பே குடிச்சு முடிக்கல, அதுக்குள்ள அவனுக்கு மொட்டை கேக்குதா? கொக்கோ தோட்டத்துக்கு வேற மருமகனும் இருக்கான்னு போய்ச் சொல்லு" என்று நீங்கள் சொல்லியனுப்பியதை டோன்கோர் உங்கள் குரலிலேயே சொல்லிக் காட்டினான். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

எல்லாம் இந்த ஆணழகன் போட்டியால் வந்த வினை. ஐம்பது தாண்டியவர்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். கடையில் லாரி டயர் தூக்கித் தூக்கியே வளர்ந்த உடம்பு, சும்மா மேடையேறி நின்றாலே பரிசு என்று நினைத்தேன். ஜிம்மில் இருந்தவர்கள் சிரித்துவிட்டு, இதெல்லாம் தொழில் தெரிந்தவன் கையில் ஒப்படைக்க வேண்டிய வேலை என்று கோச் அசாரேயைக் காட்டினார்கள். அவன் என்னை ஜட்டியோடு நிற்கவைத்து, சந்தையில் ஆடு பார்ப்பதுபோல் சுற்றிச் சுற்றிப் பார்த்து, உள்ளே நல்ல உடம்பு இருக்கிறது, அதன் மேல் ஒருத்தன் ஏறிப் படுத்திருக்கிறான், முதலில் அவனை எழுப்பி அனுப்ப வேண்டும் என்றான். அந்த ஒருத்தன் என் தொப்பை. நானும் தலையாட்டிவிட்டேன்.

முதல் நாளே ஃபுஃபுவை நிறுத்தினான், இடித்த கிழங்கு உருண்டையே கண்ணில் படக்கூடாதாம். பிறகு பனங்காய் சூப், பிறகு உப்பு. வேகவைத்த கோழியும் முட்டையின் வெள்ளையும் முட்டைக்கோஸும்தான் சாப்பாடு. சமைப்பதில் அப்ராஃபிக்குக் கஷ்டமில்லை, சத்தத்தில்தான் கஷ்டம். எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் வீட்டுக்கு வீடு ஃபுஃபு இடிக்கும் உலக்கைச் சத்தம் கேட்கும். எந்த வீட்டில் கேட்கவில்லையோ அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் சரியில்லை என்று அர்த்தம். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் வெறும் உரலில் உலக்கையைப் போட்டு இடிக்க ஆரம்பித்துவிட்டாள். எதற்கு இந்த வேலை என்று கேட்டால், "சோறு போடாதவள்னு தெருவுல பேரு வாங்கறதுக்கு உரலே ஒடைஞ்சாலும் பரவால்ல, நீங்க பேசாம முட்டைக்கோஸைத் தின்னுங்க" என்றாள். அவள் வெளியே வேர்க்க விறுவிறுக்க இடிப்பாள், நான் உள்ளே அந்தத் தாளத்துக்கு மென்றுகொண்டிருப்பேன்.

உலக்கைக்குச் சத்தம் இருந்தது, என் கன்னத்தில் சதை இல்லையே மாமா. தொப்பை இல்லாத கடைக்காரன் என்றால் ஒன்று கடை முழுகியிருக்க வேண்டும், இல்லை வியாதி முற்றியிருக்க வேண்டும். டயர் வாங்க வருகிறவர்கள் பேரம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள், பாவம் இருக்கும்வரை சம்பாதிக்கட்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பெயர் சொல்லாமல் ஒரு நோயாளிக்காக ஜெபித்தார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது.

திங்கட்கிழமை ஒத்திகை. முடி தசையை மறைக்கும் என்று மார், கை, கால் எல்லாம் மழித்துவிட்டு அசாரே தலைக்கு வந்தான். தலையில் ஏதுடா தசை என்று கேட்டேன். "அண்ணே, லைட்டு ஒங்க மண்டையில பட்டு நடுவர் கண்ணுல அடிக்கணும். என்னை எதுக்கு வச்சிருக்கீங்க? யோசிக்கிற வேலைய எங்கிட்ட விடுங்க" என்றான். விட்டேன். உடம்பெல்லாம் எண்ணெய் பூசினான். கறை தெரியாத கறுப்புத் துணி கொண்டுவரச் சொல்லியிருந்தான், நம் வீடுகளில் கறுப்புத் துணி என்றால் சாவு வீட்டுக்குப் போர்த்திக்கொண்டு போகிற துணிதானே, அதைத்தான் எடுத்துப் போயிருந்தேன். தோல் தசையோடு ஒட்ட வேண்டும் என்று முந்தின நாளிலிருந்தே தண்ணீரும் தரவில்லை. ஆக, மொட்டைத் தலையும் துக்கத் துணியும் குழிவிழுந்த கண்ணுமாக நான் வீட்டுக்கு நடந்து வருகிறேன். மக்காச்சோள உருண்டை, அதான் கென்கே, விற்கும் செர்வா அம்மா வழிமறித்து, "தம்பி, பெரியவரா?" என்று உங்களைப் பற்றி மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய வாளியில் நிறையத் தண்ணீர் இருந்தது மாமா, குளிர்ந்த தண்ணீர். அதைப் பார்த்ததும் ஏக்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு ஓலமிட ஆரம்பித்தாள். நான் எப்படியோ வீடு வந்து சேர்ந்து படுத்துவிட்டேன். மறுநாள் எழுந்தபோது தெரு ஜனங்களை ஏற்றிக்கொண்டு வேன் உங்கள் ஊருக்குக் கிளம்பிப் போயிருந்தது.

இதுதான் நடந்தது. இன்று காலை முதல் வேலையாக அசாரேயைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். போட்டியும் வேண்டாம், கோப்பையும் வேண்டாம். கொக்கோ தோட்டமும் வேண்டாம் மாமா, நீங்கள் யாருக்குக் கொடுத்தாலும் முதல் ஆளாகக் கைதட்டுவேன். அப்பா எங்களை விட்டுப் போனபோது என்னைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது நீங்கள். உங்கள் சாவுக்குக் காத்திருக்கிறவன் என்று என்னை நீங்களே நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முன்னோருக்கு ஊற்ற ஒரு பாட்டில் ஷ்னாப்ஸ் சாராயமும் ஓர் ஆட்டுக்கிடாவுமாக அப்ராஃபியோடு வருகிறேன். திட்டுவதென்றால் நேரில் திட்டுங்கள்.

முன்னோர்கள் உங்களுக்குத் துணையிருக்கட்டும். உங்கள் முழங்கால் வலி எங்காவது தொலையட்டும். அத்தைக்கு எங்கள் வணக்கம்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்,
க்வாபெனா அம்போஃபோ

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. கடிதத்தை டோன்கோரிடம் கொடுக்கப் போனால் அவன் ஊரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான். நான் நேற்று அனுப்பிவிட்ட அசாரே உங்கள் வீட்டில் இருக்கிறானாமே. மன்னிப்புக் கேட்க வந்தவனிடம் எழுபது தாண்டியவர்களுக்கும் பிரிவு உண்டா என்று கேட்டு, சட்டையைக் கழற்றிக் காட்டி, அன்றைக்கே அவனை வேலைக்கு வைத்துக்கொண்டீர்களாமே. "நான் இப்பத்திக்குப் போறதா இல்லன்னு மேடை போட்டுச் சொல்றேன், ஊரே வந்து பாக்கட்டும்" என்றீர்களாம். நேற்று ராத்திரியே ஃபுஃபுவும் நிறுத்தமாம். அப்படியென்றால் நானும் விலகவில்லை; கோச்சை மட்டும் காலை நேரத்தில் எனக்கு விட்டுக்கொடுங்கள். அப்ராஃபி உங்களுக்குத்தான் கைதட்டுவாளாம். மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதை எல்லாம் அடித்துவிடுங்கள். முக்கியமாக, தோட்டம் வேண்டாம் என்று எழுதியதை. வேகவைத்த கோழியும் முட்டைக்கோஸும் தின்று உடம்பை ஏற்றுகிற மனிதர் எனக்கு முன்னால் எங்கே போகப் போகிறார், தோட்டம் எப்போது என் கைக்கு வரப் போகிறது? அழுதுகொண்டே நான் செய்த தியாகம் இப்படி ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது.