துரை வீட்டில் துரை இருந்ததில்லை

கிள்ளான்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி சுகுமாறனுக்கு,

நான் நலம். நீயும் குமுதாவும் சுபாங் ஜெயாவில் நலமாக இருப்பீர்கள் என்றே கொள்கிறேன். உடல்நலம் குன்றியவனால், அப்பா கட்டிய வீட்டை விற்க என் கையெழுத்தைக் கேட்டு இத்தனை முறை அழைத்திருக்க முடியாது. தொலைபேசியில் பதில் சொன்னால் குறுக்கே பேசுவாய். ஆகவே எழுதுகிறேன்.

சென்ற வாரம் பழைய கட்டடங்களைக் காக்கும் சங்கமொன்றின் செயலாளர் யுகேந்திரனும், ரேஷ்மா என்ற கட்டடக் கலைஞரும் வந்து, இவ்வீட்டைப் பாரம்பரியச் சின்னமாக்கப் போவதாகவும், பிறகு எவராலும் இடிக்க முடியாது என்றும் சொன்னார்கள். வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவள் நான், காரணம் கேட்டேன்.

“ஆன்டி, இது வெள்ளக்கார தொர இருந்த வீடு லா. பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவே சொன்னாங்க, அவங்க சின்னப் புள்ளையிலேர்ந்து இதுக்குத் ‘தொர வீடு’ன்னுதான் பேராம்” என்றார் யுகேந்திரன்.

மாரியாயி பொய் சொல்லவில்லை. ரப்பர் தோட்டத்தில் துரை என்றால் வெள்ளைக்கார நிர்வாகி. நம் தெருவில் துரை என்றால் ரயில்வே கேட் காவலர் துரைசாமி. முழுப்பெயரையும் உச்சரிக்க இங்கே எவருக்கும் பொறுமை இருந்ததில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் உள்ளே போய்விட்டார்கள். பலகை தீர்ந்துபோனதால் குட்டையாக நின்ற வாசலைப் பார்த்து, இது குளிர்நாட்டுக் கட்டட முறை, வெப்பம் வெளியேறாமல் காப்பது என்று ரேஷ்மா சொல்ல, கிள்ளானில் வெப்பத்தைக் காப்பானேன் என்று நான் வியந்து நிற்கையில், ரயில் சத்தத்தில் காது மந்தமான அப்பாவைச் சோற்றுக்கு அழைக்க அம்மா அடித்த மணியை யுகேந்திரன் ஆட்டிப் பார்த்து, “இத அடிச்சாதான் தொர வேலைக்காரங்களக் கூப்புடுவாரு” என்றார். அம்மா பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கியவள் என்பதால் அந்தச் சொல் எனக்குச் சுள்ளென்று பட்டது.

“இது எங்கப்பா கட்டுன வீடு. அவர் பேரு துரைசாமி. கேட் கீப்பர்” என்றேன்.

ரேஷ்மா அளவு நாடாவைச் சுருட்டினாள். யுகேந்திரன் குரலைத் தாழ்த்தினார். “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க ஆன்டி. தொரன்னு இருந்தாதான் கமிட்டி ஓக்கே பண்ணும். கேட் கீப்பர் வீட்டப் பாக்க யாரு பஸ் ஏறி வருவா?”

“நான் இங்கேயே பொறந்தவ. எனக்கு பஸ் தேவப்படல.”

கமிட்டியைக் கேட்டு வருவதாகப் போனவர்கள், வந்ததுமே வாசலில் மாட்டிய ‘துரை வீடு’ பலகையைக் கழற்ற மறந்தார்கள்.

தம்பி, தண்டவாளத்திலிருந்து கழித்துப்போட்ட சிலிப்பர் கட்டைகளை அப்பா அனுமதி கேட்டு வாங்கி, வேலை முடிந்த நேரங்களில் அறுத்து எழுப்பிய சுவர் இது. வெயில் ஏறினால் இன்றும் தார் வாசம் வருகிறது. வெள்ளைக்காரன் படுத்தெழுந்தால்தான் ஒரு வீடு வரலாறாகும் என்றால், இது கௌரவமாக இடிந்துபோகட்டும். அப்பாவின் பெயரை மறைத்து அவர் வீட்டைக் காப்பாற்ற நான் இசையமாட்டேன். எனவே உனக்கு இசைகிறேன். சனிக்கிழமை பத்திரத்தோடு வா.

குமுதாவுக்கு என் அன்பு. உனக்கு என் ஆசி. நீ கேட்காமலே என்னிடமிருந்து கிடைப்பது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அக்கா
அமுதவள்ளி

பி.கு.: கடிதம் இன்னும் அஞ்சலில் சேரவில்லை. பிழையான பலகையைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க என்னால் முடியவில்லை. ‘துரை’க்கும் ‘வீடு’க்கும் நடுவே தாராளமாக இடமிருந்தது, நாற்காலியில் ஏறி, மிச்சமிருந்த சாயத்தில் ‘சாமி’ என்று எழுதினேன். மறுநாள் காலை அதன்கீழ் ஓர் எலுமிச்சம்பழமும் ஊதுபத்தியும் இருந்தன. மாலையில் நிலத்தை அளக்க உன் தரகர் ராஜன் வந்தார். பலகையைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

“இது எந்தச் சாமி ஆன்டி?”

“கேட் காத்த சாமி” என்றேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

“ஐயோ, காவல் சாமியா? ரொம்பத் துடியா இருக்குமே! நான் கை வைக்கல ஆன்டி, வேற ஆளப் பாத்துக்குங்க” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கற்பூரப் புகைக்கே தும்முவார் அப்பா, பொறுத்துக்கொள்ளட்டும். பத்திரம் வேண்டாம். ஏணி கொண்டு வா. எழுத்துக்கு இரண்டாம் பூச்சு அடிக்க வேண்டும், நாற்காலி ஆடுகிறது.